டொன்சோல்: ஆறு பேருக்கு ஒரு படகு

பிலிப்பைன்ஸ் வரைபடத்துல லூசான் தீவோட தென்கிழக்கு வாலைப் பிடிச்சுக்கிட்டே கீழே வந்தீங்கன்னா சொர்சோகோன்னு ஒரு மாகாணம். அதில் டொன்சோல் ஒரு சின்ன மீன்பிடி ஊர். வருஷா வருஷம் நவம்பர் வாக்கில் திமிங்கலச் சுறாக்கள் அங்கே வர ஆரம்பிக்கும், ஜூன் வரை இருக்கும். ஆத்துத் தண்ணி கடலில் கலக்கிற இடம், மிதவை உயிரிகள் ஏராளம், அதைத் தின்ன வருகின்றன. ஊர்க்காரர்கள் 'புட்டாண்டிங்' என்பார்கள். பிடிப்பதும் இல்லை, கொண்டாடுவதும் இல்லை. பெருசா ஒண்ணு போகுது, போகட்டும். அவ்வளவுதான்.

ஆனா அதே நாட்டில் தெற்கே போஹோல் கடல்பக்கம் கதை வேற. அங்கே தலைமுறை தலைமுறையாக வேட்டை. தொண்ணூறுகளில் தைவான் வியாபாரிகள் நல்ல விலை கொடுக்க ஆரம்பித்ததும் அது பெரும் தொழிலானது. இறைச்சி வெள்ளையா, மெத்துன்னு இருப்பதால் தைவானில் இதற்கு 'டோஃபு சுறா' என்றே பெயர்! நம்ம குஜராத்தின் வேராவல் கரையில் அப்போ வெட்டப்பட்ட சுறாக்களும் ஏற்றுமதிக்குத்தான் போயின.

இந்த நிலைமையில்தான் 1998 தொடக்கத்தில் டொன்சோல் கடலில் முக்குளித்தவர்கள் எடுத்த வீடியோ வெளியே வந்தது. பத்திரிகை, டிவி எல்லாம் ஓடி வந்தன. கூடவே வேட்டைக்காரர்களும் வந்தார்கள். செய்தி பரவிய கொஞ்ச நாளிலேயே சில சுறாக்களைக் கொன்றுவிட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் ரொம்ப உறுத்துகிற இடம் இதுதான். காப்பாற்ற வேண்டும் என்று காட்டிய படமே கொலைகாரனுக்கும் வழி சொல்லியிருக்கு.

நல்லவேளை, எதிர்வினையும் வேகமாக வந்தது. ஊராட்சி தன் கடற்பகுதியைச் சரணாலயமாக அறிவித்தது. 1998 மார்ச்சில் மீன்வளத்துறை ஆணை எண் 193 வந்து, நாடு முழுக்கத் திமிங்கலச் சுறாவைப் பிடிப்பதும் விற்பதும் தடையானது. (போஹோல் வேட்டைக்காரர்களுக்கு ஒரே நாளில் பிழைப்பு போச்சு. அவர்கள் பக்கத்து நியாயத்தை யாரும் அதிகம் எழுதுவதில்லை.)

சரி, தடை போட்டாச்சு, வயித்துக்கு என்ன வழி? அங்கேதான் இந்தச் சின்னக் குழு படகுப் பயணம் பிறந்தது. உலக இயற்கை நிதியத்தின் பிலிப்பைன்ஸ் கிளையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து விதிகள் வகுத்தார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய 'பங்கா' படகு. ஒரு படகில் நீந்துபவர்கள் ஆறு பேர்தான். ஒரு சுறாவுக்கு ஒரு படகுதான். தொடக்கூடாது, ஃப்ளாஷ் போடக்கூடாது, காற்று சிலிண்டர் கட்டிக்கிட்டு இறங்கக்கூடாது. உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளியே இருக்கணும். வாலுக்கு ஏன் ஒரு மீட்டர் கூடுதல் என்று கேட்பவர்கள், அது ஒரு வீசு வீசினால் என்ன ஆகும்னு யோசிச்சுக்கலாம் :-)

படகில் ஒருத்தர் உயரத்தில் நின்று தண்ணிக்குள் நிழலைத் தேடுவார். கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர், அவர் 'குதி' என்றால்தான் குதிக்கணும். இந்த வழிகாட்டிகளில் பலர் முன்னாள் மீனவர்கள். மீன் எங்கே வரும்னு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதே வேலை, வலை மட்டும் இல்லை. தண்ணி என்னவோ கலங்கல் பச்சைதான். நீலக்கடல் போஸ்டரை நம்பிப் போறவங்களுக்கு ஏமாற்றம். ஆனா அந்தக் கலங்கலில்தானே அதுக்குச் சாப்பாடே இருக்கு.

நம்ம ஊரிலும் இதற்கு ஒரு ஜோடிக் கதை உண்டு. மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் குஜராத் வேட்டையை வெளிச்சம் போட்டுக் காட்ட, 2001ல் இந்தியா தடை விதித்தது. 2004ல் மொராரி பாபு, இது பிரசவத்துக்குப் பிறந்த வீடு வரும் மகள் மாதிரி என்று மீனவர்களிடம் சொன்னார். சட்டம் சொன்னதைவிட இது நல்லா எடுபட்டது. பொண்ணைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவரும் நமக்கு இதுக்குப் பொழிப்புரை வேண்டாம். இடையில் 2002ல் இந்தியாவும் பிலிப்பைன்ஸும் சேர்ந்து முன்வைத்த தீர்மானம்தான் இந்த மீனின் உலக வணிகத்துக்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது. தைவானும் 2008 முதல் பிடிப்பதை நிறுத்தியது.

அத்தோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனா 2011 வாக்கில் செபு தீவின் ஒஸ்லோப்பில் இன்னொரு முறை கிளம்பியது. காலையில் மீனவர்கள் கையால் குட்டி இறால் போடுவார்கள், சுறா வந்து நிற்கும், பக்கத்திலேயே கூட்டம் இறங்கும். தேட வேண்டாம், காத்திருக்க வேண்டாம். லட்சக்கணக்கில் ஜனம் குவிந்தது. இடம்பெயர வேண்டிய சுறாக்களில் சில மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டன, படகுக்குப் பயப்படுவதையும் விட்டுவிட்டன என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். ஊர்க்காரர்கள் கேட்பதிலும் அர்த்தம் இருக்கு: எங்க பிள்ளைகள் படிப்பது இந்தக் காசில்தானே? அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனா என் ஓட்டு டொன்சோலுக்குத்தான். அங்கே சுறாவுக்கு வராமலிருக்கும் உரிமை இருக்கு. மணிக்கணக்கில் கடலைச் சுத்திட்டு, ஒரு நிழலைக்கூடப் பார்க்காமல் அந்த ஆறு பேர் கரைக்குத் திரும்பும் நாட்களும் அங்கே உண்டு.