சேர்வராயன் மலை பாக்சைட்டும் ஆர்.ஓ.இ. கணக்கும்

ஏற்காடு என்றால் காபித் தோட்டமும் படகுத்துறையும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்தச் சேர்வராயன் மலையில் பாக்சைட்டும் உண்டு. அதை நம்பி, மலையடிவாரத்தைத் தாண்டி மேட்டூரில் வந்ததுதான் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, அதாவது மால்கோ. 1965-ல் உற்பத்தி தொடங்கியது. மலையில் தாது, மேட்டூரில் மின்சாரம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு டன் அலுமினியம் எடுக்க 13,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். மின்சாரம் தட்டுப்பாடாகி, விலையும் ஏறினால் லாபம் போய்விடும். 1990-களின் தொடக்கத்தில் ஆலை மூடிக் கிடந்தது. 1995-ல் ஸ்டெர்லைட் அதை வாங்கியது.

இப்படிப்பட்ட கம்பெனியை ஆர்.ஓ.இ. வைத்து அளந்தால் என்ன ஆகும்? வகுப்பில் படித்த சூத்திரம் சுலபம்: நிகர லாபத்தைப் பங்குதாரர் நிதியால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். பங்குதாரர் நிதி என்பது போட்ட முதலும் சேர்த்து வைத்த லாபமும். நஷ்டம் வந்தால் அதில் கழியும்.

ஒரு கற்பனைக் கணக்கு. நிதி 100 கோடி, லாபம் 15 கோடி, ஆர்.ஓ.இ. 15 சதவீதம். பிறகு 80 கோடி நஷ்டம் சேர்ந்து நிதி 20 கோடியாகிறது. அடுத்த வருடம் லாபம் 5 கோடிதான், ஆனால் ஆர்.ஓ.இ. 25 சதவீதம்! லாபம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தும் மதிப்பெண் கூடிவிட்டது.

இன்னும் வேடிக்கை உண்டு. நஷ்டம் 120 கோடியானால் நிதி மைனஸ் 20 கோடி. அந்த நிலையில் 5 கோடி நஷ்டம் வந்தாலும், மைனஸை மைனஸால் வகுத்து அதே 25 சதவீதம்தான் வரும். 1985-ல் வந்த நலிவுற்ற தொழில் நிறுவனங்கள் சட்டம், சேர்ந்த நஷ்டம் முழு நிகர மதிப்பையும் விழுங்கிவிட்டதா என்றுதான் பார்த்தது. நிதி மைனஸ் ஆன பிறகு விகிதத்துக்கு அர்த்தம் இல்லை.

மால்கோ பிறகு சொந்தமாக மின் நிலையம் அமைத்துக்கொண்டது. ஆனாலும் 2008-ல் உலகச் சந்தையில் அலுமினியம் விலை விழுந்தபோது, மேட்டூரில் அலுமினிய உற்பத்தி மறுபடி நின்றது. வேலையை இழந்தவர்கள் எந்த விகிதத்திலும் வருவதில்லை.

பங்கு வாங்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆர்.ஓ.இ. அதிகம் என்றால் லாபம் ஏறியதா, நிதி கரைந்ததா என்று பாருங்கள். கீழே இருக்கும் எண்ணைப் பார்க்காமல் மேலே இருப்பதை நம்பாதீர்கள்.