வெள்ளணுக்களும் மாத்தளைத் தோட்டங்களும்

மாத்தளையின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைச் சொல்வர்; காப்பி எழுந்ததையும் வீழ்ந்ததையும் சொல்வர். 1916ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய வேறொரு போரையும் நாம் நினைவுகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிலையம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை முதன்முதலாகத் தொடங்கியது மாத்தளைப் பகுதியிலேதான். தோட்டங்கள் நிறைந்த பகுதி அது. லயங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரைப் பெரட்டுக் களத்தில் ஒருங்கே நிறுத்திப் பெயர் எழுதலாம், சோதிக்கலாம், மருந்தும் ஊட்டலாம். சோதித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் குடலில் புழு இருந்தது.

அதுவரை இத்தொழிலாளருக்குத் துரைமார் சூட்டிய பட்டம் ‘சோம்பேறி’ என்பது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழை வெள்ளையரும் இதே பட்டத்தைச் சுமந்தவர்களே. 1902இல் அந்நாட்டுப் பத்திரிகைகள் கொக்கிப்புழுவைச் ‘சோம்பலின் கிருமி’ என்றே அழைத்தன. குருதி இழந்து மூச்சிரைப்பவனைச் சோம்பேறி என்பது எவ்வளவு எளிது!

உண்மையில் அந்த உடல் ஓயாது போரிட்டுக்கொண்டிருந்தது. ஈர மண்ணில் காத்திருக்கும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுகிறது. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர், புழுக்கள் நிறைந்த நீர் தம் கையில் தற்செயலாகச் சிந்தியபோது ஏற்பட்ட அரிப்பிலிருந்தே இவ்வுண்மையைக் கண்டு, 1898இல் வெளியிட்டார். விரலிடுக்கில் தோன்றும் அந்த அரிப்பும் கொப்புளமும் வெள்ளணுக்கள் திரண்டு வந்ததன் அடையாளம். வெள்ளணு பகைக் கிருமியை விழுங்கிச் செரிக்கும் என்ற கருத்துக்கு வித்திட்டவர் மெச்னிக்கோவ். 1882இல் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் முள்ளைச் செருகி, அதைச் சூழ்ந்த அணுக்களை அவர் கண்டார். ஆனால் கொக்கிப்புழு விழுங்கத்தக்க பகையன்று. மண்ணிலிருந்து வரும் இளம்புழுவே வெள்ளணுவைப் போல் ஏறத்தாழ ஐம்பது மடங்கு நீளம்.

விழுங்க இயலாத இடத்தில் உடல் வேறொரு படையை அனுப்புகிறது. இயோசின் என்னும் சாயத்தை ஏற்றுச் சிவப்பதால், 1879இல் பால் எர்லிக் அவற்றுக்கு இயோசினோபில் என்று பெயரிட்டார். நலமான உடலில் நூறு வெள்ளணுக்களுள் நான்கைந்துக்கு மேல் இவை இரா. புழு புகுந்தால் பெருகும். இளம்புழுவின் மேல் ஒட்டிக்கொண்டு, தம்முள் பொதிந்த நச்சுப் புரதங்களை அதன் தோலில் கொட்டும். சில புழுக்கள் மடியும். தப்பியவை நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலைச் சேர்ந்து அதன் சுவரைக் கவ்வுகின்றன. அங்கே குருதி உறையாதபடியும், வெள்ளணுக்களின் வேகம் மட்டுப்படும்படியும் பொருள்களைச் சுரக்கின்றன. அம்மை ஒருமுறை வந்தவருக்குக் கிடைக்கும் காப்பு இங்கே கிடைப்பதில்லை. எத்தனை முறை வந்தாலும் இன்னொரு முறை வரும்.

நெக்கேட்டர் என்னும் இனத்துப் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீட்டர் குருதியைப் போக்குகிறது. சொற்பம்தான். நூறு புழுக்கள் இருந்தால் மாதத்திற்கு 90 மில்லிலீட்டர்! இரும்புச்சத்துக் குறைந்த சோற்றை உண்டு, கருவையும் சுமந்து, கொழுந்துக் கூடையையும் சுமக்கும் பெண்ணுக்கு இது என்ன கணக்கு என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இயக்கத்தார் கொண்டுவந்த மருந்துகளுள் ஒன்று தைமோல். நம் வீட்டு ஓமத்தில் மணப்பதும் அதுவே. பட்டினியிருந்து அதை உண்டு, பின் பேதியுப்பும் குடிக்க வேண்டும். வேலைநாள் வீணாவதாகத் துரைமார் முணுமுணுத்தனர். மலசலகூடம் கட்டும் செலவென்றால் அவர்களின் தயக்கம் இன்னும் பெரிது. ‘கட்டினாலும் கூலிகள் பயன்படுத்தமாட்டார்கள்’ என்ற சாக்கு எப்போதும் கையிலிருந்தது. மருந்துக்கும் கூடத்துக்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவர்கள் அறியாதவர்களல்லர். ஆனால் தோட்டத்து நிலம் அவர்களுடையதன்று.

ஆகவே மருந்து புழுவை வெளியேற்றிற்று. மண் அப்படியே இருந்தது. குடல் வெறுமையான தொழிலாளி மறுநாள் காலை வெறுங்காலோடு அதே நிரைக்குள் இறங்கினான். விரலிடுக்கில் மீண்டும் அரித்தது. இயோசினோபில்கள் மீண்டும் திரண்டன. தப்பிய புழுக்கள் ஐந்தாறு வாரங்களில் வளர்ந்து முட்டையிடத் தொடங்கின. அம்முட்டைகள் விழுந்ததும் அதே தேயிலை நிழலில்தான்.