சென்னை – யாழ்ப்பாணம் வான்வழி

சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலிக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 355 கி.மீ. இரு விமான நிலையங்களும் கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையை ஒட்டியே இருப்பதால் விமானம் நூல் பிடித்தாற்போல் தெற்கே போகிறது. வலப்பக்கச் சன்னலில் சோழமண்டலக் கரை கூடவே வரும். கோடிக்கரையைக் கடந்தால் பாக்கு நீரிணை, அதன் மறுகரையில் வலிகாமத்தின் செம்மண்ணும் பனைகளும். இவ்வழியில் பறக்கும் ஏடிஆர் 72 விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம் கொண்டது. ஆயினும் அட்டவணை ஒன்றேகால் மணி காட்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும்.

1914 முதல் இப்பயணத்துக்குப் போட் மெயில் என்னும் ரயில்–கப்பல் சேவையே வழக்கமான வழியாக இருந்தது. எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் பிடித்து, மதவாச்சி சுற்றி யாழ்ப்பாணம் சேர வேண்டியிருந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் ‘சீதா தேவி’ என்னும் டிசி-3 விமானம், கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்நிறுவனத்தின் முதல் சேவையே இதுதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்படை அமைத்த பலாலித் தளம், அன்றே கொழும்புக்கும் சென்னைக்கும் நடுவில் நிறுத்தமாகிவிட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் பழைய ரயில்–கப்பல் தொடர் அறுந்தது.

இலங்கையின் உள்நாட்டுப் போர் வான்வழியையும் முற்றாக மூடியது. பலாலி இராணுவத் தளமானது. சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். சென்னைக்கு வர விரும்பிய யாழ்ப்பாணத்தவர் முதலில் நேரெதிர்த் திசையில் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது: தரைவழி ஏறத்தாழ 400 கி.மீ., அங்கிருந்து விமானத்தில் வடக்கே சுமார் 645 கி.மீ. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி அடைபட்டிருந்தபோது, கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் படகேறிக் கடந்தவர்கள் பலர். வழியிலேயே சுடப்பட்டு இறந்தவர்களும் உண்டு. அந்தப் பயணத்தை எந்த அட்டவணையாலும் அளக்க முடியாது.

போர் முடிந்தும் பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இவ்வளவு குறுகிய தூரத்துக்கு அது மிக நீண்ட தாமதம். 2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 அன்றுதான் மீண்டது. 2024 செப்டம்பர் 1 அன்று இண்டிகோவும் சேர்ந்தது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் பலாலிக்கு விமானம் உண்டு. அந்தத் தொலைவு ஏறத்தாழ 185 கி.மீ. என்பதால், காவிரிக்கரை மாவட்டத்தார் சென்னைக்கு வந்து விமானம் ஏற வேண்டியதில்லை.