இல்லாத நினைவகம்: ஒரு கடனின் வரலாறு

விண்டோஸ் எக்ஸ்பி இயங்கிய வீட்டுக் கணினிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த எச்சரிக்கை நினைவிருக்கும். மெய்நிகர் நினைவகம் போதவில்லை என்று திரையின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் எழும். சுட்டி அசைய மறுக்கும். பெட்டிக்குள் வன்தட்டு இடைவிடாமல் கரகரக்கும். கம்ப்யூட்டர் 'ஹேங்' ஆகிவிட்டது என்று சொல்லி மின்சாரத்தை நிறுத்துவதே பலர் அறிந்த ஒரே வைத்தியம். எக்ஸ்பி வெளியானது 2001இல். ஆனால் அந்தக் கரகரப்பின் காரணமும் அதற்கான மருந்தும் 1968லேயே தெளிவாக எழுதப்பட்டுவிட்டன.

கணினியில் இருவகைச் சேமிப்பு உண்டு. நினைவகம் விரைவானது, விலை கூடியது, அளவில் சிறியது. உருளையோ தட்டோ மெதுவானது, மலிவானது, பெரியது. 1950களில் நிரல் நினைவகத்தைவிடப் பெரிதாகிவிட்டால் அதைத் துண்டுகளாக்கி, எந்தத் துண்டு எப்போது உருளையிலிருந்து வரவேண்டும், எது திரும்பவேண்டும் என்பதை நிரலாளரே எழுதியாக வேண்டியிருந்தது. செய்யவந்த கணக்கைவிட இந்தச் சுமை கூலி பல வேளைகளில் பெரிதாயிற்று.

இந்தச் சுமையை எந்திரத்தின் தோளுக்கு மாற்றியது மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் ஃபெராண்டி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய அட்லஸ் கணினி. டாம் கில்பர்னின் தலைமையில் உருவான அது 1962 டிசம்பர் 7 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதன் காந்த வளைய நினைவகம் 16,384 'சொற்கள்' கொண்டது. கணினியாளர் மொழியில் சொல் என்பது ஓர் அளவு. அட்லஸில் ஒரு சொல்லுக்கு 48 பிட். காந்த உருளைகளில் மேலும் 98,304 சொற்களுக்கு இடமிருந்தது. கில்பர்ன் குழுவினர் இரண்டையும் நிரலாளரின் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டினர். 'ஒற்றைத்தளச் சேமிப்பு' என்பது அவர்கள் இட்ட பெயர். மெய்நிகர் நினைவகம் என்ற பெயர் பின்னால் நிலைத்தது.

சேமிப்பை 512 சொற்கள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்குப் 'பக்கம்' என்று பெயரிட்டார்கள். நிரல் கேட்கும் பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் எந்திரமே உருளையிலிருந்து அதை எடுத்துவரும். அதற்கு இடம்விட வேறொரு பக்கம் வெளியேற வேண்டும். எதை வெளியேற்றுவது? பக்கங்கள் இதுவரை பயன்பட்ட விதத்தைக் கவனித்து, இனி நெடுநேரம் தேவைப்படாது என்று தோன்றும் பக்கத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு 'கற்கும் நிரல்' வைக்கப்பட்டது. எதை மறக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

இது ஒருவகைக் கடன். இல்லாத நினைவகத்தைத் தட்டிடம் கடன் வாங்குகிறோம். காலத்தால் வட்டி கட்டுகிறோம். அட்லஸின் நினைவகச் சுழற்சி 2 மைக்ரோ நொடி. உருளைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக 6 மில்லி நொடி. அதாவது 3,000 மடங்கு. 2000களின் வீட்டுக் கணினியில் நினைவகம் சுமார் 100 நானோ நொடியில் விடையளித்தது. வன்தட்டு சுமார் 10 மில்லி நொடி எடுத்துக்கொண்டது. ஒரு லட்சம் மடங்கு. நினைவகத்துக்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அட்லஸ் 50 நிமிடம் காத்திருந்தது. வீட்டுக் கணினி 27 மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தது.

ஐபிஎம் 1956இல் அறிமுகப்படுத்திய ராமாக், இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தது. பிற்காலத்தில் உள்ளங்கையளவு வன்தட்டு அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு கொண்டது. கொள்ளளவு அப்படிப் பெருகியும், தட்டின்மேல் நகரும் கை என்னவோ கைதான். அதன் வேகம் அந்த அளவுக்குக் கூடவில்லை. கடன் தாராளமாகக் கிடைத்தது, வட்டி ஏறியது.

வட்டி முதலை விழுங்கும் நிலையை 1960களின் பெருங்கணினிகள் கண்டன. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் எந்திரத்தில் நிரல்கள் ஓரளவுக்குமேல் கூடினால், வேலை படிப்படியாகக் குறையாமல் திடீரென்று சரிந்தது. ஒரு நிரலுக்காக வெளியேற்றிய பக்கத்தை அடுத்த கணமே இன்னொரு நிரல் கேட்டது. எந்திரம் பக்கங்களைத் தூக்கிப்போவதும் கொண்டுவருவதுமாகவே இருந்தது. 'த்ராஷிங்' என்று பெயர்பெற்ற இந்தத் தத்தளிப்பை 1968இல் பீட்டர் டென்னிங் விளக்கினார். எந்த நிரலும் ஒரு காலப்பகுதியில் தன் பக்கங்களில் ஒரு பகுதியையே மீண்டும் மீண்டும் தொடுகிறது. அதை அவர் பணித்தொகுதி என்றார். இயங்கும் நிரல்களின் பணித்தொகுதிகள் அனைத்துக்கும் நினைவகத்தில் இடமிருந்தால் வேலை நடக்கும். இல்லாவிட்டால் இன்னொரு நிரலைத் தொடங்கவிடக் கூடாது. குறைவாகத் தொடங்கினால் மொத்த வேலை விரைவாக முடியும் என்பதே அவர் தந்த மருந்து.

இன்டெலின் 386 சில்லு 1985இல் பக்கமிடும் வசதியைத் தனிக்கணினிக்குக் கொண்டுவந்தது. கூடவே நோயும் வீட்டுக்கு வந்தது. வேறுபாடு ஒன்றுதான். பெருங்கணினியில் நிரலைத் தடுக்க மேலாளர் இருந்தார். வீட்டில் அந்தப் பொறுப்பு நம் விரலிடம் வந்தது. பக்கக் கோப்பை நினைவகத்தைப்போல ஒன்றரை மடங்கு வைக்கவேண்டும் என்பது எக்ஸ்பி காலத்தில் மந்திரம்போல் ஓதப்பட்டது. கோப்பைப் பெரிதாக்கினால் எச்சரிக்கை அடங்கும். தத்தளிப்பு அடங்காது, ஏனென்றால் கூடியது கடன் வரம்பே தவிர நினைவகமல்ல. நிரல்களை மூடுவது, நினைவகம் வாங்கிச் சேர்ப்பது, கோப்பு வளரத் தட்டில் காலியிடம் விடுவது ஆகியவையே பயன்தரும்.

அதே கரகரப்புக்கு இன்னொரு பொருளும் இருக்கலாம். நிரல்களை மூடியதும் ஓசை அடங்கினால் குறை நினைவகத்தில். ஒரேயொரு கோப்பைத் திறக்கும்போதும் எந்திரம் உறைந்து, சீராக 'டிக் டிக்' என்ற ஓசை வந்தால் தட்டே சாகத் தொடங்கியிருக்கலாம். அப்போது முதலில் செய்யவேண்டியது பழுது பார்ப்பதல்ல. தட்டு முழுவதையும் துழாவும் சோதனை, நலிந்த தட்டை மேலும் நலியச் செய்யும். எழுதியவற்றை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே சோதனை. தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே பதிவுசெய்யும் 'ஸ்மார்ட்' முறையையும் முழுதாக நம்ப இயலாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பழுதானவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை வெப்பநிலையைத் தவிர வேறெதிலும் அறிகுறி காட்டாமலே செயலிழந்தன.

இன்று பல கணினிகளில் வன்தட்டின் இடத்தைத் திடநிலைச் சேமிப்பகம் பிடித்துவிட்டது. நகரும் கை இல்லை; வட்டி பெருமளவு குறைந்துவிட்டது. ஆனாலும் பக்கக் கோப்பு இருக்கிறது. விண்டோஸின் பணி மேலாளரில் டென்னிங்கின் பணித்தொகுதி என்ற சொல்லும் அப்படியே இருக்கிறது. கரகரப்பு நின்றுபோனதில் ஓர் இழப்பும் உண்டு. கடன் மிஞ்சியதையும் தட்டு நலிந்ததையும் காதால் அறிய ஒரு வழி இருந்தது. இப்போது எந்திரம் ஓசையின்றித் தத்தளிக்கிறது, ஓசையின்றியே சாகிறது. நகல் எடுத்துவைக்கும் பழக்கம் முன்னைவிட இன்றுதான் அதிகம் தேவைப்படுகிறது.