சுவருக்குள் விளைந்த கல்வி: வாஷிங்டன் டன்பார் பள்ளியின் வரலாறு

ஒரு பள்ளியின் தேர்ச்சி நிலையை அங்குப் பயிலும் பிள்ளைகளின் குடும்பப் பின்னணியோடு பொருத்திப் பார்ப்பது கல்வி ஆய்வில் நிலைபெற்ற வழக்கம். பெற்றோரின் படிப்பு, வருவாய், இனம் ஆகியவை தெரிந்தால் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் ஏறத்தாழச் சொல்லிவிடலாம் என்னும் கருத்து அந்த வழக்கத்திலிருந்தே பிறந்தது. இக்கருத்துக்கு எளிதில் பிடிகொடுக்காத ஒரு பள்ளி அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருந்தது. கறுப்பின மாணவர்களுக்கென்றே 1870-இல் தொடங்கப்பட்டு, பின்னாளில் டன்பார் உயர்நிலைப் பள்ளி என்று பெயர் பெற்ற அதன் வரலாறு, மாணவர் யார் என்ற கேள்வியோடு ஆசிரியர் யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கவைக்கிறது.

தலைநகர்ப் பகுதியான கொலம்பியா மாவட்டம் எந்த மாநிலத்தையும் சேராமல் அமெரிக்கக் காங்கிரஸின் நேரடி ஆளுகையில் இருந்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862 ஏப்ரலில் காங்கிரஸ் அங்கு அடிமைமுறையை ஒழித்து, அதே ஆண்டிலேயே கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனியே பொதுப்பள்ளிகள், அதாவது வரிப்பணத்தில் இயங்கும் கட்டணமில்லாப் பள்ளிகள், அமைக்கவும் சட்டம் செய்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் பதினைந்தாம் தெருப் பிரெஸ்பிட்டீரியன் தேவாலயத்தின் நிலவறையில் அவர்களுக்கான உயர்நிலை வகுப்பு தொடங்கியது. சில இடங்கள் மாறி, 1891-இல் எம் தெருவில் சொந்தக் கட்டடம் பெற்றபோது எம் தெருப் பள்ளி என்றும், 1916-இல் புதிய கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தபோது கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் நினைவாக இன்றைய பெயராலும் அது அழைக்கப்பட்டது.

1899-இல் நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளிலும், அதாவது வெள்ளையருக்கான மூன்றிலும் கறுப்பினத்தவருக்கான ஒன்றிலும், பொதுவான தேர்வு நடத்தப்பட்டபோது எம் தெருப் பள்ளி வெள்ளையர் பள்ளிகளில் இரண்டை முந்தியது. அந்தப் பிள்ளைகள் வசதி படைத்த வீடுகளிலிருந்து வந்தவர்களாக இருந்திருப்பர் என்று ஊகிக்கத் தோன்றும். ஆனால் பொருளியலறிஞர் தாமஸ் சோவல் 1970-களில் இப்பள்ளியைப் பற்றி ஆராய்ந்தபோது, 1892–93 கல்வியாண்டில் தொழில் இன்னதென்று தெரியவந்த பெற்றோரில் 51 பேர் கூலித் தொழிலாளர் என்பதையும், மருத்துவர் ஒரே ஒருவர்தான் என்பதையும் கண்டார். அடிமைமுறை ஒழிந்து முப்பது ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், பலருடைய பெற்றோர் எழுத்தறிவே சட்டப்படி மறுக்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர்களாக இருந்திருப்பர்.

எனினும் இந்தப் பதிவை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அக்காலத்தில் உயர்நிலைப் படிப்பு வரை வந்த பிள்ளைகள் எந்த இனத்திலும் சிலரே; பதின்வயதுப் பிள்ளையின் உழைப்பால் வரக்கூடிய கூலியை விட்டுக்கொடுத்து அவனைப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பம், வருவாயில் ஏழையாயினும் கல்வியின் மேல் வைத்த பற்றில் பொதுநிலையினின்று வேறுபட்டதே. பள்ளிக்கென எல்லைப் பகுதி வகுக்கப்படாமையால் நகரெங்கிலுமிருந்து ஆர்வமுள்ளோர் வந்து சேர்ந்தனர். பிற்காலத்தில் ஆசிரியர், மருத்துவர், அரசு எழுத்தர் ஆகியோரின் பிள்ளைகளும் மிகுந்து, இது மேட்டிமையோர் பள்ளி என்றும், வெளிர்நிறத்தோருக்கே இங்கு மதிப்பு என்றும் கறுப்பினத்தவரிடையிலேயே மனத்தாங்கல் எழுந்தது.

குடும்பப் பின்னணியால் மட்டும் விளக்க முடியாத பகுதியை ஆசிரியர் அறையே விளக்குகிறது. தொடக்க காலத் தலைமையாசிரியர்களில் மேரி ஜேன் பாட்டர்சன், 1862-இல் ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் எனக் கருதப்படுபவர். ரிச்சர்ட் கிரீனர் 1870-இல் ஹார்வர்ட் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். பின்னாளில் கறுப்பின வரலாற்றாய்வின் தந்தை எனப் போற்றப்பட்ட கார்ட்டர் வுட்சன், இங்கு வகுப்பெடுத்த காலத்திலேயே 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். இத்தகைய கல்விமான்களுக்கு வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் பதவிகள் அடைபட்டிருந்தன. தலைநகரின் பள்ளிகளிலோ இரு இன ஆசிரியர்களுக்கும் ஒரே ஊதியம் வழங்கப்பட்டது. பேராசிரியராக இருக்க வேண்டியவர் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு லத்தீன் இலக்கணம் சொல்லித்தந்ததற்குக் காரணம் இதுவே. அநீதியின் விளைவாக அறிவு ஓரிடத்தில் தேங்கியது. அந்தத் தேக்கமே பள்ளிக்கு வளமாயிற்று.

அந்த வளத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் பூசல் எழாமல் இல்லை. கறுப்பினத்தவர் முதலில் கைத்தொழில் கற்றுப் பொருள்நிலையில் காலூன்ற வேண்டும் என்ற கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டனின் கொள்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓங்கியிருந்தது. இதற்கு மாறாக, லத்தீன், கணிதம், இலக்கியம் முதலியவற்றை முதன்மையாகக் கொண்ட செவ்வியல் பாடத்திட்டத்தை 1902 முதல் தலைமையாசிரியராக இருந்த அன்னா ஜூலியா கூப்பர் விடாது காத்தார். அடிமைத்தாயின் வயிற்றில் பிறந்த அவர், தம் மாணவர்களை ஹார்வர்ட், பிரௌன் முதலிய உயர்கல்விக்கூடங்களுக்குச் செல்லும்படி ஆயத்தப்படுத்தினார். நகரக் கல்வி நிருவாகத்தோடு ஏற்பட்ட மோதலில் 1906-இல் பதவி இழந்தபோதும், 1910-இல் ஆசிரியராக அதே பள்ளிக்குத் திரும்பி, 1925-இல் தம் அறுபத்தாறாம் வயதில் பாரிஸின் சோர்போனில் முனைவர் பட்டம் பெற்றார்.

பயன்கள் அடுத்த அரை நூற்றாண்டில் வெளிப்பட்டன. 1921-இல் அமெரிக்காவில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்ற மூன்று கறுப்பினப் பெண்களான ஈவா டைக்ஸ், சேடி மோசெல், ஜார்ஜியானா சிம்ப்சன் ஆகியோரில் முன்னிருவர் இப்பள்ளியில் பயின்றவர்கள். மூன்றாமவர் இங்கு ஆசிரியர். இரத்தத்தின் பிளாஸ்மாவைப் பாதுகாத்துச் சேமிக்கும் முறையைச் செம்மைப்படுத்திய மருத்துவர் சார்லஸ் டுரூ, நாட்டின் முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் ஹேஸ்டி, 1966-இல் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் ராபர்ட் வீவர், அதே ஆண்டில் மக்கள் வாக்கால் செனட்டுக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர் எட்வர்ட் புரூக் ஆகியோர் டன்பாரின் மாணவர்களே.

ஆனால் பள்ளியின் அமைப்பையே மாற்றியவர்களில் தலையாயவர், 1911-இல் இங்குப் படிப்பை முடித்த சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். ஹார்வர்டில் சட்டம் பயின்று, ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியை வழிநடத்திய அவர், இனப்பிரிவினையை நீதிமன்றங்களில் படிப்படியாகத் தகர்க்கும் வழக்குத் திட்டத்தை வகுத்தார். வாஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் இடநெருக்கடியால் திணற, வெள்ளையர் பள்ளிகளில் இடம் காலியாகக் கிடந்த நிலையை எதிர்த்துப் பெற்றோர் நடத்திய போராட்டத்திற்கும் அவரே வழக்கறிஞர். 1950-இல் அவர் மறைந்த பின் பிறர் முன்னெடுத்த போலிங் எதிர் ஷார்ப் வழக்கில், 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் தலைநகரின் பள்ளிப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சமமான சட்டப் பாதுகாப்பை வலியுறுத்தும் பதினான்காம் திருத்தம் மாநிலங்களையே கட்டுப்படுத்துவதாலும், தலைநகர்ப் பகுதி மாநிலம் அன்றாதலாலும், இத்தீர்ப்பு ஐந்தாம் திருத்தம் தரும் உரிய சட்ட நெறிமுறைப் பாதுகாப்பைச் சார்ந்து அமைந்தது.

தீர்ப்பின் நியாயத்தில் ஐயமில்லை. ஆனால் அதை நிறைவேற்றிய முறை டன்பாரின் பழைய அடித்தளத்தைக் கலைத்தது. பிள்ளைகள் குடியிருக்கும் பகுதியை வைத்துப் பள்ளி ஒதுக்கப்பட்டதால், நகர் முழுமைக்கும் உரியதாயிருந்த டன்பார் சுற்றுப்புறத்தின் பள்ளியாகச் சுருங்கியது. அந்தச் சுற்றுப்புறமோ வறுமை மிகுந்தது. கற்றறிந்தோருக்குப் பிற கதவுகள் திறந்தன. பழைய ஆசிரியர்கள் ஓய்வுபெற்றபோது அவர்களைப் போன்றோர் அந்த இடத்தைத் தேடி வர வேண்டிய கட்டாயம் இல்லாமற்போயிற்று. வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்கு நகர்ந்ததால் எதிர்பார்த்த இனக்கலப்பும் நிகழவில்லை. மாணவர் கறுப்பினத்தவராகவே இருந்தனர். ஆசிரியர் குழாமும் மாணவர் திரளும் உருவாகிய விதம் மாறியிருந்தது. தேர்ச்சி நிலை சரிந்ததற்குப் பிள்ளைகளின் இனத்தைக் காரணம் காட்டுவோர், அதே இனப் பிள்ளைகள் 1899-இல் பெற்ற மதிப்பெண்ணுக்கு விளக்கம் தர வேண்டியிருக்கும்.

1916-இன் கட்டடம் முன்னாள் மாணவரின் எதிர்ப்பையும் மீறி 1977-இல் இடிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக எழுந்த கான்கிரீட் கட்டடத்தின் தளங்கள், அக்காலக் கல்விக் கொள்கைக்கேற்ப, வகுப்புகளுக்கிடையே முழுச்சுவர் இல்லாத திறந்த அமைப்பில் இருந்தன. அதுவும் அகற்றப்பட்டு 2013-இல் திறக்கப்பட்ட இன்றைய கட்டடத்தில், புகழ்பெற்ற முன்னாள் மாணவரின் பெயர்கள் பொறித்த தகடுகள் தரையில் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சில, இனிப் பயில்வோருக்காக எழுத்தின்றி விடப்பட்டுள்ளன.