ஊமத்தைப் புகையிலிருந்து பம்பு வரை

இன்று கடைவரிசைகளும் அடுக்குமாடி வீடுகளும் நெருங்கி நிற்கும் மலேசியாவின் சுபாங் ஜெயா, 1976-ஆம் ஆண்டில் நகரமாக உருவெடுக்கத் தொடங்குவதற்கு முன்பு, சீபீல்ட் தோட்டம் என்ற பெயரால் நம்மவர்க்குச் சோறிட்ட மண்ணாகும். அத்தோட்டத்து லயங்களில், நள்ளிரவில் இளைப்பு கண்ட பிள்ளையை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு விடியும்வரை வாசலில் உலாத்திய தாய்மாருக்கு, கொல்லையில் நின்ற ஆடாதொடையும் தூதுவளையும், பொழுது விடிந்தபின் தோட்டத்து மருந்தாளரான டிரெசர் அளந்து ஊற்றும் கலவை மருந்துமே துணை. அந்தத் தாயின் மனத்தில் அன்று எழுந்த கேள்வியையே, அதே மண்ணில் எழுந்த கிளினிக்கில், முகமூடி வழியே ‘கேஸ்’ என்னும் மருந்தாவியை இழுக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் அவளுடைய பேத்தியும் கேட்கிறாள்: இந்த மருந்து இளைப்பை அடக்கும், சரி, பிள்ளையை என்ன செய்யும்? அக்கேள்விக்கு நீண்ட சரித்திரம் உண்டு. அதன் முதல் ஏடுகளில் ஒன்று நம் சென்னையிலேயே தொடங்குகிறது.

சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் தலைமை வைத்தியராக விளங்கிய ஜேம்ஸ் ஆண்டர்சன், அங்குள்ளோர் ஊமத்தையை உலர்த்திப் புகைத்து மூச்சுத்திணறலைத் தணித்துக்கொள்வதை அறிந்து, அம்முறையை ஜெனரல் ஜென்ட் என்ற படைத்தலைவருக்குச் சொல்ல, அவர் 1802-இல் அதனை பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார் என்று வைத்திய சரித்திரம் கூறும். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஊமத்தைச் சுருட்டும் பொடியும் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் சாதாரண விற்பனைப் பொருள்களாகிவிட்டன. ஊமத்தை சுவாசக் குழாய்களைத் தளர்த்துவது மெய்யே; ஆயினும் அளவு சற்றே மிஞ்சினால் நா வறண்டு, கண்மணி அகன்று, நாடி விரைந்து, புத்தி பேதலிக்கும். வளர்ந்தவனுக்கு அந்த எல்லை சற்றுத் தூரத்தில் இருந்தது. சிறு குழந்தைக்கோ கையெட்டும் தூரத்தில் இருந்தது.

பின் வந்த மருந்துகளும் இந்த விதிக்குத் தப்பவில்லை. சீன வைத்தியர் மா ஹுவாங் என்று வழங்கிய செடியிலிருந்து 1885-இல் ஜப்பானியரான நகாய் பிரித்தெடுத்த எபிட்ரின், மூச்சைத் திறந்தது, உறக்கத்தைக் கெடுத்தது. தேயிலையிலிருந்து 1888-இல் ஜெர்மானியரான கோசல் கண்டெடுத்த தியோபிலின், குணம் செய்யும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளியே உடையது. காய்ச்சல் கண்ட குழந்தையின் உடலில் அது வழக்கத்தினும் மெதுவாகக் கரைவதால், நேற்று ஒத்துக்கொண்ட அதே கரண்டி மருந்து இன்று வாந்தியையும், சில வேளை வலிப்பையும் கொண்டுவந்துவிடும். இவ்விரண்டையும் ஒரே மாத்திரையில் கூட்டி, அவை விளைவிக்கும் படபடப்பை அடக்குவதற்கென்று மூன்றாவதாக தூக்க மருந்தான பினோபார்பிட்டோனையும் சேர்த்துப் பல்லாண்டுகள் விற்றார்கள். ஒரு மருந்தின் குற்றத்தை மறைக்க இன்னொரு மருந்தைப் பிள்ளையின் வாயில் இட்ட அக்காலத்தை நினைக்கும்போது மனம் வருந்தாமல் இருப்பதில்லை.

இளைப்பு மருந்தை வாய்க்குள் தெளிக்கும் பம்பு பிறந்ததும் ஒரு குழந்தையின் வாய்ச்சொல்லால்தான். அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் பதின்மூன்று வயது மகள், தலைமயிருக்குத் தெளிப்பதுபோல் தன் இளைப்பு மருந்தையும் ஏன் டப்பாவில் அடைக்கக்கூடாது என்று 1955-இல் தந்தையைக் கேட்டாள். மறு ஆண்டே அது கடைக்கு வந்துவிட்டது. சட்டைப்பைக்குள் அடங்கும் அந்த அற்புதத்தை உலகம் கொண்டாடிக்கொண்டிருக்கையிலேயே, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் ஆஸ்துமா மரணம், 1966-ஆம் ஆண்டுக்குள், ஏழெட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய ஏழு மடங்காயிற்று. ஸ்பைசர், டால், ஹீப் என்ற ஆய்வாளர் மூவர் 1968-இல் இதனை வெளியிட்டு, ஐசோபிரினலின் என்ற மருந்தைக் கொண்ட பம்புகளின் மிகைப் பிரயோகத்தின்மீது ஐயத்தைத் திருப்பினார்கள். ஐந்து மடங்கு வீரியமுள்ள ‘போர்ட்டே’ என்ற வகை விற்பனையான தேசங்களிலேயே மரணம் பெருகிற்று என்பதும், அவ்வகைக்கு அனுமதியளிக்காத அமெரிக்காவில் அப்படிப் பெருகவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தன. அம்மருந்தே நேராகக் கொன்றது என்று தீர்ப்புக் கூறிவிட முடியாது. அது தந்த க்ஷணநேர ஆறுதலை நம்பி வைத்தியரைத் தேடிப் போகத் தாமதித்ததும் பல பிள்ளைகளின் உயிருக்கு யமனாகியிருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் பாட்டிமார் பம்பைக் கண்டு, “பழகிப்போனால் நெஞ்சைப் பிடிக்கும்” என்று அஞ்சியதை வெறும் அறியாமை என்று தள்ளுவாருக்கு நான் உடன்படமாட்டேன். அந்த அச்சத்துக்கு இறந்த பிள்ளைகளே சாட்சி.

1969-இல் வந்த சால்பியூட்டமால் இதயத்தை அவ்வளவாக வருத்தாதது. இன்று நம் பிள்ளைகளின் கையில் உள்ள நீலப் பம்பு அதுதான். ஆயினும், அதே மருந்தை வாய்வழி சிரப்பாகக் கொடுக்கையில் உடம்பு முழுதும் பரவுவதால், கரண்டியைப் பற்றிய விரல்கள் நடுங்கி, தட்டிலிருந்த சோறு சிதற, பிள்ளை காரணமின்றி ஓடிக்கொண்டேயிருப்பதை அனுபவப்பட்ட தாய்மார் அறிவார்கள். 1972-இல் வந்த ஸ்டெராய்டுப் பம்பு நோயின் வேரையே தொட்டது; அது உண்டாக்கும் வாய்ப்புண்ணையும் குரல் கம்மலையும் ஒரு மிடறு தண்ணீரால் கொப்பளித்தே பெரும்பாலும் தடுத்துவிடலாம். வளர்ச்சி குன்றுமோ என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: அமெரிக்காவில், சிறு வயதில் சில ஆண்டுகள் புடெசொனைட் என்ற ஸ்டெராய்டு மருந்தை இழுத்த பிள்ளைகளை வாலிபராகும்வரை பின்தொடர்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் மற்றவரைவிடச் சராசரி 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தனர். அரை அங்குலத்துக்கும் குறைவான இந்த நஷ்டத்தையும், மூச்சடங்கும் இரவையும் தராசில் வைத்துப் பார்க்கும் தாய்க்கு விடை சொல்ல வேறொருவர் வேண்டியதில்லை.

2005 ஆகஸ்டில் புகைமூட்டம் கவிந்து, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அரசாங்கம் அவசரநிலை பிரகடனம் செய்தபோது, இந்தத் தராசைத் தூக்கிப் பார்க்கவும் அவகாசமிருக்கவில்லை. அவசரம் ஓய்ந்தபின் வேண்டுவது, மருந்துகள் செய்யும் தீங்கின்மீது கண்காணிப்பு. அதற்கென்று 1987-இல் அமைந்த தேசியக் குழு, அண்டையிலுள்ள பெட்டாலிங் ஜெயாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தோடு இணைந்து இயங்குகிறது. 1990-இல் மலேசியா உலக சுகாதார ஸ்தாபனத்தின் மருந்துக் கண்காணிப்பில் முப்பதாவது அங்கமாகச் சேர்ந்தது. பெற்றோரும் பெட்டாலிங் ஜெயா அலுவலகத்துக்கு எழுதலாம். இளைப்புக்குத் தரும் மாண்டிலூகாஸ்ட் மாத்திரை உண்ட சில பிள்ளைகள் துர்ச்சொப்பனம் கண்டு அலறியதையும், காரணமற்ற சினத்துக்கும் சோர்வுக்கும் ஆளானதையும் வீட்டார் இப்படிச் சொல்லிச் சொல்லியே உலகம் அறிந்தது. 2020 மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் அதன் குறிப்பேட்டில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தனர்.

ஊமத்தையும் நம்மை விட்டுப் போய்விடவில்லை. அதிலுள்ள அட்ரோபினின் வழிவந்ததும், மூளைக்குள் எளிதில் புகாதபடி மாற்றியமைக்கப்பட்டதுமான இப்ரட்ரோபியம், கடும் இளைப்பில் சால்பியூட்டமாலோடு கலந்து நெபுலைசரில் ஊற்றப்படுகிறது. முகமூடி தளர்ந்து ஆவி கண்ணில் பட்டால், அந்தப் பக்கத்துக் கண்மணி மட்டும் விரிந்து கருத்துநிற்கும். மறு கண்ணில் மாற்றமிராது. தாய் பதறுவாள், மூளைக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்றுகூட எண்ணுவாள். வைத்தியர் விளக்கை அடித்துப் பார்த்து, பிள்ளை தெளிவாகப் பேசுகிறதா என்று விசாரித்து, ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று சொல்வார். அடுத்த முறை தாதி, அந்தச் சின்ன முகத்துக்குப் பொருந்தும் முகமூடியைத் தேடி எடுத்து, மூக்குத் தண்டின்மேல் இடைவெளியில்லாமல் அழுத்திப் பிடித்துக்கொள்வாள்.