பிடியும் விடுவும்: கரிசல் வழக்கில் ஒரு வினைச்சொல்லின் வரலாறு

எட்டயபுரத்துக் கரிசலில் ஐப்பசி மழை நின்றதும் ‘மழை விட்டுருச்சு’ என்பார்கள். கோவில்பட்டிக்குக் கூடுதலாகப் பேருந்து ஓடத் தொடங்கினால் ‘புது பஸ் விட்டிருக்காக’ என்பார்கள். முன்னதில் விடுதல் ஓய்வு, பின்னதில் தொடக்கம். ஒரே வினை எதிரெதிர்ப் பொருள் தருவது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அகராதிகள் ‘விடு’வுக்குப் பொருள்களை எண்ணிட்டு அடுக்குகின்றன. அந்த அடுக்கில் பொருள்களுக்கு இடையிலான உறவு தெரிவதில்லை. ‘பிடி’ என்ற வினையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. மழை பிடித்துக்கொள்கிறது, பிறகு விடுகிறது. காய்ச்சலும் சனியும் பேயும் அப்படியே. நிலத்தை ஒருவர் குத்தகைக்கு விடுகிறார், மற்றவர் பிடிக்கிறார். மூச்சைப் பிடிப்பதும் விடுவதும், மாட்டைப் பிடிப்பதும் விடுவதும் இந்த வரிசைதான். பிடி தளர்வதே அடிப்படைப் பொருள். மழை ஊரைப் பிடித்திருந்தது. பிடி தளர்ந்ததும் நின்றுபோனது. பேருந்து பணிமனையின் பிடியில் இருந்தது; பிடி தளர்ந்ததும் ஓடியது. தீப்பெட்டி ஆபீஸ் மாலையில் ‘விட்டதும்’ வேலை ஓய்கிறது, ஆட்கள் கிளம்புகிறார்கள்; இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வேர் மட்டும் இதற்கு அடங்காது. செடி வேர் விட்டாலும் வேர் பிடித்தாலும் அது நிலைகொண்டது என்றே பொருள். வேரை விடுவது செடி, அந்த வேர் பிடிப்பது மண்ணை. பார்வை மாறுகிறது, நிகழ்ச்சி மாறவில்லை.

பழைய இலக்கியத்தில் கணை விடுதலும் விட்டுப் பிரிதலும் இந்த அடிப்படைப் பொருளோடு ஒட்டியே வருகின்றன. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய நூலுக்கு ‘நெஞ்சுவிடு தூது’ என்றே பெயர். முதலெழுத்து நீண்டு ‘வீடு’ ஆகும்போது அது முத்தியைக் குறித்தது. எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதி இந்த அடியிலிருந்து கிளைத்த ‘விடுதலை’யைத் தன் பாட்டுக்குத் தலைப்பாக்கினார். ஆன்மாவின் பற்றறுதியைக் குறித்த அதே அடி, அவர் கையில் நாட்டின் தளையறுதியைக் குறித்தது.

இவ்வினை தன் சொந்தப் பொருளை இழந்து இலக்கண உறுப்பாக மாறியதுதான் இதன் வரலாற்றில் முக்கியமான கட்டம். திருக்குறளிலேயே வினையெச்சத்தை அடுத்து ‘விடும்’ என்று முடியும் குறள்கள் பல. அங்கே எதையும் கைவிடுவது பொருளன்று. செயல் தப்பாமல் நடந்தேறும் என்ற உறுதியே பொருள்.

இன்னொரு கிளை வேற்றுமைக்குள் நுழைந்தது. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள் கூறுகிறது. இன்று ‘ஊரை விட்டுப் போனான்’ என்பதில் நீங்கலையும், ‘அவனை விட மூத்தவன்’ என்பதில் ஒப்பையும் இந்த ஒரே வினையின் எச்சங்கள் சுமக்கின்றன. பழைய உருபு இணைத்துவைத்திருந்த இரு பொருள்களும் ஒரே வினையிடம் வந்து சேர்ந்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. ஒன்றை விட்டு விலகி நின்றால்தானே அதனோடு ஒப்பிட முடியும்!

குறளில் வினையெச்சத்தை அடுத்து வந்த அந்தத் துணைவினை பேச்சில் மேலும் தேய்ந்தது. வந்துவிட்டார்கள் என்பது கரிசலில் ‘வந்துட்டாக’. வந்துவிடுவார்கள் என்பது ‘வந்துருவாக’. பிள்ளையை எச்சரிக்கும் தாய் ‘பாத்துப் போ, விழுந்துராத’ என்கிறாள். வகரம் போய், டகரம் ரகரமாகி, வினையின் உடலில் மிஞ்சியது ஓரெழுத்து. ‘மாட்ட விட்டுட்டு வந்துட்டான்’ என்ற தொடரில் இவ்வினை மூன்று முறை இருக்கிறது. மாட்டை விட்ட முதல் ‘விட்டு’ முழு உருவோடு நிற்க, அடுத்தவை இரண்டும் ‘ட்டு’, ‘ட்டா’ எனச் சுருங்கிவிட்டன. பொருளுள்ள வினை தேயவில்லை, துணைவினையே தேய்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இந்த ‘ட்டு’, ‘இடு’ என்ற துணைவினையின் திரிபாகலாம் என்ற வாதமும் உண்டு. ஒலியளவில் இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் எழுதச் சொன்னால் பேசுவோர் ‘வந்துவிட்டான்’ என்றே எழுதுகிறார்கள். அவர்கள் உள்ளத்தில் இருப்பது ‘விடு’தான்.

இந்த வட்டாரத்துக் காமநாயக்கன்பட்டியில் இறைப்பணி செய்த வீரமாமுனிவர், பேச்சுத் தமிழுக்கென்றே 1728இல் இலத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். எழுத்துக்கும் பேச்சுக்கும் இருந்த தொலைவு அன்றே அவ்வளவு. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் திரட்டி 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி வெளியிட்டார். அரிய சொற்களைக் காக்க அவர் வழி திறந்தார். அன்றாடம் புழங்கும் வினைகளுக்கும் அந்த உழைப்பு தேவை. இனி வட்டார அகராதி தொகுப்போர் ‘விடு’வின் கீழ் ‘ட்டு’, ‘ரு’ என்னும் தேய்ந்த உருவங்களையும், எதிரிணையான ‘பிடி’யையும் சேர்த்தே பதிய வேண்டும்.